பெயரை மாற்ற வேண்டாம், எழுதும் விதத்தை முடிவு செய்யுங்கள்

வாசகர் கேள்வி:

தாவரவியலில் பிஎச்.டி. கடைசி ஆண்டில் இருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம், எஸ். செந்தில்குமார் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பெயரும் அதே அளவு சாதாரணமானதுதான். இதுவரை மூன்று கட்டுரைகள் வந்திருக்கின்றன. முதலாவதில் எஸ். செந்தில்குமார். இரண்டாவதை என் கைடு அனுப்பினார், அதில் செந்தில் குமார் எஸ். என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. மூன்றாவதில் வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் இருந்ததால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி செந்தில்குமார் சுப்பிரமணியன் என்று கொடுத்தேன். கூகுள் ஸ்காலரில் கணக்குத் தொடங்கினால், வெல்டிங் பற்றி எழுதும் ஒரு இயந்திரவியல் பேராசிரியரின் கட்டுரைகளும், காசநோய் பற்றி எழுதும் ஒரு மருத்துவரின் கட்டுரைகளும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. நண்பர்கள் அப்படியே விட்டுவிடு, மேற்கோள் எண்ணிக்கை நன்றாகத் தெரிகிறது என்கிறார்கள். போன மாதம் உதவிப் பேராசிரியர் நேர்காணலில் ஒருவர் கைபேசியில் பார்த்துவிட்டு, “வெல்டிங்கிலும் எழுதுகிறீர்களா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். போதாததற்கு, பெயரைத் தேடினால் முதலில் வருவது அதே பெயருடைய ஒரு அதிகாரி லஞ்ச வழக்கில் கைதான செய்தி. எண்கணிதப்படி ஒரு எழுத்தைக் கூட்டிக்கொள் என்கிறார் மாமா. சாதிப் பெயரைப் பின்னால் போட்டுக்கொண்டால் தனியாகத் தெரியும் என்கிறான் ஒரு நண்பன். கெசட்டில் பெயரையே மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன், இரண்டு நாள் பேசவில்லை.

பதில்:

அன்புள்ள செந்தில்குமார்,

பெயரை மாற்ற வேண்டாம். கெசட் வேண்டாம், எண்கணிதம் வேண்டாம், சாதிப் பெயர் கண்டிப்பாக வேண்டாம். நான் பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வாளர்களின் கட்டுரைப் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவன், இந்தச் சிக்கலோடு வாராவாரம் யாராவது வந்து உட்காருகிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் நிம்மதியாகத்தான் இருந்தது, ஏனென்றால் நீங்கள் மூன்று கட்டுரைகளோடு வந்திருக்கிறீர்கள். நாற்பது கட்டுரைகளும் ஆறு விதமான பெயர்களுமாக வருகிறவர்களுக்கு மாதக்கணக்கில் வேலை இருக்கும். உங்களுடையதை ஒரு வார இறுதியில் பெருமளவு சரிசெய்துவிடலாம்.

முதலில் ஒன்று. உங்களுக்கு நடந்தது இரண்டு தனித்தனிக் கோளாறுகள், நீங்கள் அவற்றை ஒன்றாகப் பார்க்கிறீர்கள். வெல்டிங் பேராசிரியரும் காசநோய் மருத்துவரும் உங்கள் பக்கத்தில் வந்து சேர்ந்தது ஒன்று. நீங்கள் ஒருவரே மூன்று ஆட்களாக உடைந்து போனது இன்னொன்று. முதலாவது உங்கள் கையில் இல்லை, ஊரில் அந்தப் பெயர் நிறையப் பேருக்கு இருக்கிறது, இருக்கட்டும். இரண்டாவது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. நேர்காணலில் உங்களை அதிகம் பாதித்தது அந்த இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் மூன்று கட்டுரைகளும் ஒரே பெயரில் ஒரே இடத்தில் இருந்திருந்தால், அந்தப் பெரியவர் வெல்டிங் கட்டுரையைப் பார்த்த அதே நேரத்தில் உங்கள் தாவரவியல் கட்டுரைகளையும் பார்த்திருப்பார், கேள்வியே வேறு மாதிரி வந்திருக்கும்.

ஒரே பெயரில் பெரிய ஆட்கள் பலர் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் எஸ். சந்திரசேகர். நூலகத்தில் இந்தப் பெயரைத் தேடினால் குறைந்தது மூன்று பெரிய மனிதர்கள் வருவார்கள். ஒருவர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1910இல் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் விண்மீன்களைப் பற்றி ஆராய்ந்து, 1983இல் நோபல் பரிசு பெற்றவர். இன்னொருவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், 1930இல் பிறந்தவர், பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் திரவப் படிகங்களில் வேலை செய்து, தட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் உருவாகும் என்று 1977இல் தன் குழுவோடு காட்டியவர். மூன்றாமவர் ஸ்ரீபதி சந்திரசேகர், 1918இல் பிறந்தவர், மக்கள்தொகை ஆய்வாளர், 1967இல் இந்திரா காந்தி அமைச்சரவையில் சுகாதார அமைச்சர் ஆனவர், பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராகவும் இருந்தார்.

இதில் முதல் இருவரும் சர் சி. வி. ராமனின் உறவுப் பிள்ளைகள், ஒருவர் அண்ணன் மகன், மற்றவர் சகோதரி மகன். இருவரும் இயற்பியல்காரர்கள். இருவரும் லண்டன் ராயல் சொசைட்டியின் ராயல் பதக்கம் பெற்றார்கள், ஒருவர் 1962இல், மற்றவர் 1994இல். கட்டுரைகளில் இருவரும் எஸ். சந்திரசேகர்தான். இவ்வளவு நெருக்கமான ஒற்றுமைக்கு நடுவிலும் அந்தத் துறைக்குள் இருந்தவர்கள் குழம்பவில்லை, ஏனென்றால் படிக்கிறவருக்கு எந்தச் சந்திரசேகர் எந்த ஊரில் எதைப் பற்றி எழுதுவார் என்பது தெரியும். நூலகர்கள் பட்டியலில் இனிஷியலை விரித்தும் பிறந்த ஆண்டைச் சேர்த்தும் பிரித்து வைப்பார்கள். ராமனின் மாணவர்களிலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், 1928இல் ராமனோடு சேர்ந்து ராமன் விளைவு பற்றிய கட்டுரையை எழுதியவர், பிறகு டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். ஆர். எஸ். கிருஷ்ணன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தவர். இருவரும் ஒளிச்சிதறலில் வேலை செய்தார்கள். கிருஷ்ணன் விளைவு என்று ஒன்று இருக்கிறது, அது ஆர். எஸ். கிருஷ்ணன் பெயரில் உள்ளது. ஒரே ஒரு இனிஷியல்தான் வித்தியாசம், அது போதுமானதாக இருந்தது.

இப்போது ஏன் போதவில்லை என்றால், பிரிக்கும் வேலையை மனிதர்களிடமிருந்து எந்திரத்திடம் கொடுத்துவிட்டோம். கூகுள் ஸ்காலரும், ஆய்வுக் கட்டுரைகளின் இன்னொரு பெரிய தரவுத்தளமான ஸ்கோபஸும் உங்கள் கட்டுரையைப் படித்துப் புரிந்துகொண்டு ஆளை முடிவு செய்வதில்லை. பெயரின் எழுத்துகள், எந்த நிறுவனம், கூட எழுதியவர்கள் யார், எந்தத் துறை இதழ், யாரை மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள், இவற்றை வைத்து ஊகிக்கின்றன. நீங்கள் ஆய்வகம் மாறினாலோ, கைடு இல்லாமல் எழுத ஆரம்பித்தாலோ அந்தக் கயிறு அறுந்து, இது வேறு செந்தில்குமார் என்று எந்திரம் முடிவு செய்துவிடும். அதே சமயம் ஒரே பல்கலைக்கழகத்தோடு இணைந்த இரண்டு கல்லூரிகளில் இரண்டு செந்தில்குமார்கள் இருந்தால் அவர்களை ஒருவராக்கிவிடும். உங்களுக்கு இரண்டுமே நடந்திருக்கிறது.

இதில் நம் ஊர்ப் பெயருக்கு மட்டும் வரும் தொல்லை ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தீர்வும் அங்கேதான் இருக்கிறது. அந்த எந்திரங்களெல்லாம் ஒரு பெயரில் கடைசியாக வரும் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும்படி கட்டப்பட்டவை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. உங்கள் இரண்டாவது கட்டுரையில் செந்தில் ஒரு சொல், குமார் ஒரு சொல் என்று பிரிந்ததும், பட்டியலில் நீங்கள் “குமார், எஸ்.” ஆகிவிட்டீர்கள். இந்தியா முழுக்க இருக்கும் சுரேஷ் குமார், சஞ்சய் குமார், சந்தோஷ் குமார் எல்லாரும் இருக்கும் கூட்டத்துக்குள் போய்விட்டீர்கள், அங்கே உங்களைத் தேடி எடுப்பது என் மாதிரி ஆட்களுக்கே கஷ்டம். மூன்றாவது கட்டுரையில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பா பெயரைப் பின்னால் போட்டதால் நீங்கள் “சுப்பிரமணியன், எஸ்.” ஆகிவிட்டீர்கள். உங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டுகிற ஒவ்வொருவரும் “சுப்பிரமணியன் இப்படிச் சொல்கிறார்” என்று எழுதுவார்கள். உங்கள் அப்பா சந்தோஷப்படலாம், ஆனால் முதல் கட்டுரையை எழுதிய செந்தில்குமாரும் இந்தச் சுப்பிரமணியனும் ஒரே ஆள் என்று வெளியில் யாருக்கும் தெரியாது.

நோபல் பரிசு பெற்ற சந்திரசேகரின் பெயரை இன்னொரு தடவை பாருங்கள். சுப்பிரமணியன் என்பது அவருடைய அப்பா பெயர், அது முன்னால் நிற்கிறது, தன் பெயர் பின்னால் நிற்கிறது. இனிஷியல் எங்கே இருந்ததோ அதே இடத்தில் விரித்து எழுதினார், அவ்வளவுதான். அதனால் உலகம் அவரைச் சந்திரசேகர் என்றே கூப்பிட்டது, 1999இல் விண்ணுக்குப் போன எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்கும் சந்திரா என்று அவர் பெயரின் சுருக்கத்தைத்தான் வைத்தார்கள். நீங்களும் இதையே செய்யுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. இனி எல்லாக் கட்டுரையிலும் சுப்பிரமணியன் செந்தில்குமார். செந்தில்குமார் ஆங்கிலத்தில் ஒரே சொல், நடுவில் இடைவெளி இல்லை. ஒவ்வொரு எழுத்தும் எப்போதும் ஒரே மாதிரி. பாஸ்போர்ட்டில் வரிசை மாறி இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள், இதழ்கள் பாஸ்போர்ட் கேட்பதில்லை. பாஸ்போர்ட், பான் படிவங்களில் இனிஷியலை விரிக்க வேண்டியிருப்பதால் அப்பா பெயர் பின்னால் போய் உட்காருவது நம்மில் பாதிப்பேருக்கு நடந்திருக்கிறது. விமான டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் அந்த வரிசை, கட்டுரைக்கு இந்த வரிசை. இரண்டிலும் இருப்பது அதே இரண்டு சொற்கள் என்பதால் பின்னால் யாரும் இது வேறு ஆள் என்று சொல்ல முடியாது.

இரண்டாவதாக ஒரு இனிஷியல் சேர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நம்மிடம் அந்த வழக்கம் உண்டுதான். மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமி எம். எஸ். ஆனார், அதில் ஊரும் அம்மாவும் இருக்கிறார்கள். அதே காலத்தில் சினிமாவில் இருந்த இன்னொரு சுப்புலட்சுமி எஸ். டி. சுப்புலட்சுமி, இருவரும் 1930களின் தமிழ்ப் படங்களில் நடித்தவர்கள், இனிஷியல்களாலேயே ரசிகர்கள் பிரித்துச் சொன்னார்கள். முதல் கட்டுரைக்கு முன்பே நீங்கள் கேட்டிருந்தால் ஊர் இனிஷியலையும் சேருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது வேண்டாம். உங்கள் பட்டச் சான்றிதழில் இல்லாத ஒரு எழுத்து புதிதாக வந்தால் சான்றிதழ் சரிபார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் அது என்ன எழுத்து என்று விளக்க வேண்டி வரும், ஏற்கெனவே மூன்று வடிவம் இருக்கும்போது நான்காவது எதற்கு.

மாமா சொன்ன எண்கணித எழுத்துக்கும் இதே பதில்தான். நம்பிக்கையைப் பற்றி நான் பேசவில்லை, நடைமுறையைச் சொல்கிறேன். வழக்கமில்லாத ஓர் எழுத்தைக் கூட்டினால் தட்டச்சு செய்கிறவர்களும் மேற்கோள் காட்டுகிறவர்களும் அதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார்கள். பாதி இடத்தில் அந்த எழுத்து இருக்கும், பாதி இடத்தில் இருக்காது, நீங்கள் இன்னும் இரண்டாக உடைவீர்கள்.

சாதிப் பெயர் விஷயத்தில் நண்பரிடம் தெளிவாகவே சொல்லிவிடுங்கள். நம் பெயர்கள் இவ்வளவு ஒன்றாக இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், நம் தாத்தாக்களும் பாட்டிகளும் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டத்தை வெட்டி எறிந்தது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், அடுத்த தலைமுறைகளில் அது தமிழ்நாட்டு வழக்கமாகவே ஆனது. ஒரு பெயர், ஒரு இனிஷியல், அவ்வளவுதான். ஒரு பெயரைக் கேட்டதும் ஆளின் சாதி தெரியாது என்கிற நிலையை இந்தியாவில் எத்தனை மாநிலங்கள் இந்த அளவுக்கு அடைந்திருக்கின்றன? அதற்கு நாம் கொடுக்கும் விலை, பட்டியலில் நாலு செந்தில்குமார் ஒன்றாக வந்து நிற்பது. எனக்கு அந்த விலை மிகவும் சின்னதாகத்தான் தெரிகிறது. கணினிக்கு வசதியாக இருக்கட்டும் என்று அதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். பெயர் வடிவத்தை முடிவு செய்ததும் முதலில் எடுக்க வேண்டியது ஆர்கிட் எண், ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனியாக உள்ள அடையாள எண். லாப நோக்கமற்ற ஒரு அமைப்பு 2012இலிருந்து அதைக் கொடுத்துவருகிறது, எண் இலவசம், பதினாறு இடங்கள் கொண்டது, கடைசி இடத்தில் மட்டும் சிலருக்கு எக்ஸ் வரும். பதிவு செய்யும்போது நம் மாதிரி ஆட்களுக்கு நல்ல வசதி ஒன்று, அதில் குடும்பப் பெயர் கட்டாயம் இல்லை. வெளியிடும் பெயர் என்ற இடத்தில் முடிவு செய்த வடிவத்தைப் போடுங்கள். மற்ற பெயர்கள் என்ற இடத்தில் பழைய மூன்று வடிவங்களையும், தமிழில் உங்கள் பெயரையும் சேருங்கள். பிறகு மூன்று கட்டுரைகளையும் டிஓஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிலையான அடையாள எண்ணைக் கொடுத்து இணைத்துவிடுங்கள். பழைய கட்டுரைகளின் மேல் பெயர் எப்படி அச்சாகியிருந்தாலும் இனி அவை ஒரே எண்ணின் கீழ் இருக்கும். அடுத்த கட்டுரையை அனுப்பும்போது அந்த எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால், வெளிவந்ததும் டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு உங்களிடம் ஒரு தடவை அனுமதி கேட்கும், கொடுத்துவிட்டால் பின்னால் வருகிறவை தானாகவே பதிவில் ஏறும். இந்தியாவில் பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் ஆய்வாளர்களின் விவரங்களுக்காக நடத்தும் வித்வான் தளத்திலும் ஒரு பதிவு தொடங்கி ஆர்கிட் எண்ணை அங்கே கொடுங்கள், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பல இடங்களில் கேட்கிறார்கள். எண்ணைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது மனதுக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாற்று வழிகளையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். சீனப் பெயர்களில் இதைவிடப் பெரிய குழப்பம், வெவ்வேறு சீன எழுத்துகளில் எழுதப்படும் பல பெயர்கள் ஆங்கிலத்தில் வெய் வாங் என்று ஒன்றாகிவிடும். அமெரிக்க இயற்பியல் கழகத்தின் இதழ்கள் 2007 இறுதியில் இதைப் பற்றியே தலையங்கம் எழுதி, பெயரைச் சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளிலும் பக்கத்தில் அச்சிடலாம் என்றன. நல்ல யோசனை, சு, ச, சி, ஷ எல்லாம் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தாகப் போகும் நமக்கும் அது உதவும். ஆனால் எல்லா இதழ்களிலும் எல்லா மொழிக்காரர்களுக்கும் வேலை செய்வது அந்த எண் ஒன்றுதான்.

அடுத்தது கூகுள் ஸ்காலர். இதில் நண்பர்கள் சொன்னதைக் கேட்காதீர்கள், தயவுசெய்து. வெல்டிங் கட்டுரைகளையும் காசநோய்க் கட்டுரைகளையும் இன்றே, இதைப் படித்து முடித்த கையோடு உங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அது வேறொருவர் உழைப்பு. அந்தப் பக்கம் உங்கள் கணக்கில் இருக்கிறது, நீங்கள் திருத்தக்கூடியது, திருத்தாமல் விட்டால் தெரிந்தே வைத்திருக்கிறீர்கள் என்றுதான் பார்க்கிறவர் நினைப்பார். நேர்காணலில் அந்தக் கேள்வி கேட்டவர் மனதில் அந்தச் சந்தேகம் இருந்திருக்கலாம், நீங்கள் அவமானம் என்று எடுத்துக்கொண்டது அவர் பக்கத்தில் நியாயமான எச்சரிக்கை. கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து நீக்கும் வசதி அந்தப் பக்கத்திலேயே மேலே இருக்கிறது. நீக்கியபின் அமைப்புகளில் போய், கட்டுரைகளைத் தானாகச் சேர்க்காதே, என்னிடம் கேட்டுவிட்டுச் சேர் என்று மாற்றிவையுங்கள். இதை மறந்தால் அடுத்த மாதம் திரும்பவும் வெல்டிங் வரும். மேற்கோள் எண்ணிக்கை சடாரென்று இறங்கும், இறங்கட்டும், மூன்று கட்டுரைகள் எழுதிய ஒரு இளம் ஆய்வாளருக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு இருக்கும், நேர்காணல் நடத்துகிறவர்களுக்கு அந்த அளவு தெரியும்.

ஸ்கோபஸில் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, அதுவே ஆளுக்கு ஒரு எண் போட்டு வைத்திருக்கும், உங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று எண் போட்டிருக்கும். ஆசிரியர் பெயரைத் தேடும் பக்கம் இலவசம். உங்கள் பதிவுகளை ஒன்றாகச் சேர்க்கவும் தவறானதை எடுக்கவும் அங்கேயே கோரிக்கை அனுப்பலாம். சரியாகச் சில வாரங்கள் ஆனாலும் ஆகும், ஆகவே அடுத்த நேர்காணலுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

பழைய கட்டுரைகளில் அச்சான பெயரை மாற்றச் சொல்லி இதழ்களோடு போராட வேண்டாம், ஒன்றைத் தவிர. செந்தில், குமார் என்று பிரிந்த இரண்டாவது கட்டுரை. அதன் பதிவுத் தகவலில் குடும்பப் பெயர் குமார் என்று ஏறியிருக்கும். கைடிடம் சொல்லிவிட்டு, பொறுப்பாசிரியருக்கு எழுதி, அச்சுப் பக்கத்தைத் தொட வேண்டாம், பதிவுத் தகவலில் மட்டும் ஒரே சொல்லாகத் திருத்த முடியுமா என்று கேளுங்கள். செய்யும் இதழ்கள் இருக்கின்றன. மாட்டோம் என்றாலும் நஷ்டம் இல்லை, ஆர்கிட் இணைப்பு பார்த்துக்கொள்ளும். இனி எந்தக் கட்டுரை போனாலும் அச்சுக்கு முன் வரும் சரிபார்ப்புப் பிரதியில் முதலில் உங்கள் பெயரைப் பாருங்கள். கைடு எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், “சார், என் பெயரை இப்படிப் போடுங்கள்” என்று எழுத்தில் கொடுத்துவிடுவது தப்பே இல்லை, பெரும்பாலான கைடுகள் சந்தோஷமாகச் செய்வார்கள். ஆய்வேடு பல்கலைக்கழகத்தில் பதிவான பெயரில்தான் போக வேண்டும், அது பிறகு இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறும், அதன் முகப்புப் பக்கத்தில் பெயருக்குக் கீழே ஆர்கிட் எண்ணையும் அச்சிட முடியுமா என்று துறை அலுவலகத்தில் கேட்டுவையுங்கள்.

இன்னொன்று, யாரும் செய்வதில்லை, நான் எல்லாரிடமும் சொல்கிறேன்: அந்த வெல்டிங் பேராசிரியருக்கும் மருத்துவருக்கும் மின்னஞ்சல் எழுதுங்கள். அவர்களுடைய கட்டுரைகளிலேயே முகவரி இருக்கும். “ஐயா, உங்கள் பெயரும் என் பெயரும் ஒன்று, உங்கள் கட்டுரைகள் என் பக்கத்தில் வந்துவிட்டன, எடுத்துவிட்டேன், என்னுடையது உங்கள் பக்கத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள், என் ஆர்கிட் எண் இது” என்று நாலு வரி. அவர்களுக்கும் இதே தொல்லை இருக்கும், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் விட்டிருப்பார்கள். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு எண் எடுத்துவிட்டால் எந்திரத்தின் ஊகத்துக்கே வேலை குறைந்துவிடும். வேறு வேறு துறையில் இருப்பது உங்களுக்கு அதிர்ஷ்டம், ஒரே துறையில் இரண்டு செந்தில்குமார் இருந்தால் பிரிப்பது இதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

பெயரையே மாற்றிக்கொண்டு நன்றாக வாழ்ந்தவர்கள் இல்லையா என்றால், நிறைய இருக்கிறார்கள். குமுதத்தில் ரா. கி. ரங்கராஜன் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்ததால் எஸ். ரங்கராஜன் தன் மனைவி பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். ஆனால் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அலுவலகத்தில் அவர் கடைசிவரை ரங்கராஜன்தான், கதைக்கு ஒரு பெயர், சம்பளத்துக்கு ஒரு பெயர். அமெரிக்காவில் நடிகர் சங்கத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கக் கூடாது என்ற விதியால், மைக்கேல் டக்ளஸ் என்று பிறந்த ஒருவர் மைக்கேல் கீட்டன் ஆக வேண்டியிருந்தது. கதை எழுதுகிறவரிடமும் நடிக்கிறவரிடமும் யாரும் பட்டச் சான்றிதழ் கேட்பதில்லை. உங்களுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து பிஎச்.டி. வரை எல்லாம் ஒரு சங்கிலி, நடுவில் கெசட்டை நுழைத்தால் வேலையில் சேரும் நாளிலிருந்து ஓய்வூதியம் வரை அந்தத் தாளின் நகலைக் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதையும் தாண்டி, நீங்கள் தேர்ந்தெடுக்கும் புதுப்பெயர் வேறு யாருக்கும் இல்லை என்று என்ன உத்தரவாதம்?

அந்த லஞ்ச வழக்குச் செய்தி. அதை இணையத்திலிருந்து எடுக்க உங்களால் முடியாது, எடுக்க வைக்கும் உரிமையும் உங்களுக்கு இல்லை, அது வேறொருவரைப் பற்றிய செய்தி. உங்களால் முடிந்தது, உங்களைப் பற்றித் தெளிவான ஒரு பக்கம் இருக்கும்படி செய்வது. கல்லூரியின் தளத்தில் ஆய்வு மாணவர்களுக்கு அறிமுகப் பக்கம் இருந்தால் புகைப்படம், துறை, முழுப்பெயர், ஆர்கிட் எண் எல்லாம் போடச் சொல்லுங்கள். உங்களைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பெயரோடு தாவரவியல் என்றோ கல்லூரிப் பெயரோ சேர்த்துத்தான் தேடுவார்கள், அப்போது அது முன்னால் வரும். வேலை கொடுக்கும் இடத்தில் பின்னணி சரிபார்க்கிறவர்கள் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் இருக்க, விண்ணப்பத்தில் பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாம் முழுமையாக இருக்கட்டும். யாராவது நேரடியாகவே கேட்டால் அவர் வேறு, நான் வேறு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள். நீங்களாக அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். சந்தேகம் எழுத்தில் வந்தால் மட்டும் காவல்துறையின் சரிபார்ப்புச் சான்றிதழ் வாங்கலாம், தமிழ்நாடு காவல்துறை தளத்தில் விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது. அதுவரைக்கும் தேவையில்லை.

அடுத்த நேர்காணலுக்குப் போகும்போது பயோடேட்டாவின் முதல் வரியில் முழுப்பெயரும் எண்ணும் இருக்கட்டும், கட்டுரைப் பட்டியலுக்கு மேலே “இதே பெயரில் வேறு துறைகளில் எழுதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், கீழே உள்ள மூன்று கட்டுரைகளே என்னுடையவை” என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் டிஓஐ போடுங்கள். கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் அது உங்கள் கவனத்தைக் காட்டும்.

அப்பாவிடம் பெயரை மாற்றவில்லை என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள், இனி எல்லாக் கட்டுரையிலும் அவர் பெயர் முதல் எழுத்தாக இல்லாமல் முழுசாக வரப்போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது கட்டுரையின் பொறுப்பாசிரியருக்கு எழுதும் கடிதத்தை அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு நகல் போடுங்கள். பதிவுத் தகவலில் எந்த இடத்தை எப்படித் திருத்தச் சொல்ல வேண்டும் என்பதைப் பார்த்துக் குறித்து அனுப்புகிறேன்.